வாளி சொல்லும் கணக்கு

(சிறிய கடல்நீர்த் தொட்டிக்கு மீன்களையும் துப்புரவு உயிர்களையும் தேர்ந்தெடுப்பது குறித்து ஊரப்பாக்கத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடல்மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மெரினா கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே மீன் காட்சிசாலை ஒன்று திறந்தார்கள். அது அரசாங்கம் நடத்தியது. கடலும் எதிரிலேயே இருந்தது. இன்றைக்கு அதே ஆசை ஜி.எஸ்.டி. சாலையோரத்து அடுக்குமாடி வீட்டின் கூடத்துக்கு வந்துவிட்டது. மோட்டார் கிடைக்கிறது, எல்.இ.டி. விளக்கு கிடைக்கிறது, கடல் உப்புக் கலவை பையில் வருகிறது. கொளத்தூருக்குப் போனால் மீன் கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம்.

இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வருகிற கேள்வி, "என்னென்ன மீன் சேர்ந்து வாழும்?" என்பது. நியாயமான கேள்விதான். அதற்கு முன் நான் உங்களை ஒன்று கேட்கிறேன். வாராவாரம் எவ்வளவு தண்ணீரைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொட்டிவிட்டு, அதே அளவு புதிய உப்புநீரைக் கலந்து ஊற்ற உங்களால் முடியும்? அரை வாளியா, ஒரு வாளியா, மூன்று வாளியா? தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் வேலைக்குப் போகும் பெற்றோரும் இருக்கிற வீட்டில், ஆறு மாதம் கழித்தும் எவ்வளவு முடியும் என்று யோசித்துச் சொல்லுங்கள். அந்த வாளிதான் உங்கள் தொட்டியில் எத்தனை உயிர் இருக்கலாம் என்று முடிவு செய்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் வீடுகளில் வைக்கிற சிறிய தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மூன்று கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல். ஆகவே சுமார் 85 லிட்டர். விளிம்புவரை யாரும் ஊற்றுவதில்லை. மணலும் கல்லும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உண்மையில் நிற்பது 70 லிட்டர். வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் 7 லிட்டர், அதாவது அரை வாளி. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்றால் வாரம் கால் கிலோ உப்பு. இதைத் தவறாமல் செய்ய முடிந்தால் அந்தத் தொட்டியில் நான்கு சின்ன மீன்கள் நன்றாக இருக்கும். நான்கா என்று முகம் சுளிக்காதீர்கள். காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அழுக்கு எங்கே போகிறது?

மீன் தின்கிறது, கழிக்கிறது. செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அம்மோனியா நஞ்சு. கல்லிலும் மணலிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கொடியதல்ல, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். புதிய தொட்டியில் இந்த பாக்டீரியாக் கூட்டம் வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதனால்தான் தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்கக் கூடாது என்கிறோம்.

இந்த இடத்தில்தான் துப்புரவு உயிர்கள் வருகின்றன. நத்தை, துறவி நண்டு, இறால் வகைகள். "இவற்றை விட்டால் தொட்டி தானே சுத்தமாகிவிடும்" என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு நத்தை கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. தின்றது எங்கே போயிற்று? கொஞ்சம் அதன் உடம்பாயிற்று. மீதி கழிவாக அதே தண்ணீருக்குள் விழுந்தது. பாசியில் இருந்த நைட்ரஜன் தொட்டியை விட்டு ஒரு அடிகூட வெளியே போகவில்லை. அழுக்கின் உருவத்தை மாற்றுவதுதான் துப்புரவு உயிரின் வேலை. அதை வெளியே கொண்டுபோவது வாளி. வாளியைத் தூக்குவது நீங்கள். இது புரிந்துவிட்டால், "பாசி அதிகமாக இருக்கிறது, இன்னும் இருபது நத்தை வாங்கலாமா" என்ற எண்ணமே வராது. பாசி அதிகமானால் தீனியைக் குறைக்க வேண்டும், தண்ணீரை மாற்ற வேண்டும், விளக்கு எரியும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

ஊற்றுகிற தண்ணீரும் முக்கியம். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்புக் கலவையைக் கரைத்தால், ஏற்கெனவே அந்த நீரில் கரைந்திருப்பவை எல்லாம் தொட்டிக்குள் வந்து பாசிக்கு உரமாகும். ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். சிலர் கேளம்பாக்கத்து உப்பளத்து உப்பு போதாதா, அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே என்று கேட்கிறார்கள். கடல்நீர் பாத்தியில் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் உப்பு வாரியபின் மிஞ்சுகிற கசப்பு நீரோடு போய்விடுகின்றன. நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. சமையலுக்கு அது போதும். ஓடு வளர்க்க வேண்டிய நத்தைக்கும் தோலுரிக்க வேண்டிய இறாலுக்கும் போதாது.

இன்னொன்று ஆவியாதல். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 70 லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்தால், 35ஆக இருந்த உப்பின் அளவு 35.5 ஆகிவிடும். அதை ஈடுசெய்ய உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றி ஊற்றியே தொட்டியை உப்பளமாக்கியவர்கள் உண்டு. பெரிய தொட்டியில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது; சிறிய தொட்டியில் ஒவ்வொரு லிட்டரும் தெரியும். சிறிய தொட்டி சுலபம் என்று நினைத்துத்தான் வாங்குகிறோம். அதுதான் கடினமானது.

பக்கத்துக் கடலிலிருந்து எடுத்து வரலாமா?

இந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் வண்டியை விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கோவளம். அங்கிருந்து தெற்கே வடநெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடல்தான். பெரிய வலை இழுக்கும் நாளில் கரையில் துள்ளுகிற குஞ்சு மீன்களைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது.

முதலில் நம் கரை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை பெரும்பாலும் மணற்கரை, ஆங்காங்கே பாறை. கடைகளில் பார்க்கிற வண்ண மீன்கள் வாழும் பவளத்திட்டு இங்கே இல்லை. அது மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் லட்சத்தீவிலும் அந்தமானிலும் இருப்பது. நம் கரையில் கிடைப்பவை திறந்த மணற்கடலில் ஓடி இரை தேடும் மீன்கள். அவற்றின் வாயும் வேகமும் இரண்டடித் தொட்டிக்கு ஏற்றவை அல்ல.

கீச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் வளைந்த கருங்கோடுகளோடு, விரல் நீளத்தில், பார்க்க அவ்வளவு அழகு. உப்பு குறைந்தாலும் கூடினாலும் தாங்கும். இதைவிட நல்ல தொட்டி மீன் உண்டா என்று தோன்றும். ஆனால் மற்ற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னும் பழக்கம் கீச்சானுக்கு உண்டு. பக்கத்தில் நீந்துகிற மீனைக் கொல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாக உரித்துவிடும். பேத்தை மீனுக்கு அலகுபோல ஒட்டிய பற்கள். நத்தை ஓட்டையும் நண்டுக் காலையும் நொறுக்குவதற்கென்றே அமைந்தவை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய துப்புரவுப் படை முழுவதும் அதற்கு ஒரு வார விருந்து. கிளாத்தியும் அப்படியே, போதாக்குறைக்குக் கல்லை வேறு புரட்டிப்போடும். களவா குஞ்சு அசையாமல் கிடக்கும், சாதுபோலத் தெரியும். வாய்க்குள் நுழைகிற எதுவும் மறுநாள் காலையில் இருக்காது. சிங்கமீன் வலையில் வந்தால் தொடவே தொடாதீர்கள். துடுப்பு முள்ளில் நஞ்சு இருக்கிறது.

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கரிமீனையும் உவர்நீரில் வாழும் வேறு சில அலங்கார மீன்களையும் அந்த நிறுவனம் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறது. வெள்ளித் தட்டுபோல மின்னுகிற மூனி மீன், புள்ளிகள் போட்ட ஸ்காட் மீன் இரண்டும் அவற்றில் சேர்த்தி. நம் ஊருக்குப் பக்கத்தில் மனிதர் வளர்த்த மீன் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் ஸ்காட் ஒரு அடிக்கு மேல் வளரும்; மூனி கூட்டமாக நீந்த வேண்டிய மீன். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். 70 லிட்டருக்குள் அடைப்பது பாவம்.

கடல்நீரையாவது எடுத்து வரலாமா? எடுக்கலாம், பருவம் பார்த்து. வடகிழக்குப் பருவமழையில் கோவளம் முகத்துவாரம் வழியாக நன்னீர் கொட்டுகிறது. வங்கக்கடலின் வடபகுதியிலிருந்து உப்புக் குறைந்த நீரும் கரையோரமாகத் தெற்கே வருகிறது. நவம்பர், டிசம்பரில் எடுத்த தண்ணீரும் மே மாதத்தில் எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல. உப்பளவுமானியில் பார்த்து 33க்கும் 35க்கும் இடையில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். முகத்துவாரத்துக்கும் மீன் இறக்கும் இடத்துக்கும் தள்ளிப்போய் எடுங்கள்.

வாய், இடம், பசி

இனி மீன்களுக்கு வருவோம். எந்த மீனைப் பார்த்தாலும் நிறத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள். அதன் வாய் எவ்வளவு பெரிது? எந்த இடத்தைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும்? எதைத் தின்று உயிர்வாழும்? வாய் பெரிதானால் மற்றவை இரை. ஒரே இடத்தை இரண்டு மீன் கேட்டால் சண்டை. தின்பது தொட்டியில் இல்லையென்றால் பட்டினி.

கோமாளி மீனைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் புண்ணியம். அதிர்ஷ்டவசமாக, சிறிய தொட்டிக்கு ஏற்ற மீன்களில் அதுவும் ஒன்று. ஒசல்லாரிஸ் என்ற இனத்தைக் கேட்டு வாங்குங்கள். எட்டு, ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்கள். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அடுத்தது அதன் துணை. பெண் இறந்துவிட்டால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். ஆகவே ஜோடி வேண்டும் என்பவர்கள் கடைக்காரரிடம் "ஒரு ஆண், ஒரு பெண்" என்று கேட்டு அலைய வேண்டாம். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு இளம் மீன்களை வாங்கி ஒன்றாக விடுங்கள். மற்றதை அவை பார்த்துக்கொள்ளும். ஒரே அளவில் வளர்ந்த இரண்டை விட்டால் அடித்துக்கொள்ளும். இரண்டு இனக் கோமாளிகளைக் கலக்கவே கூடாது. நம் கடலில் கிடைக்கும் செபே கோமாளி இதைவிடப் பெரிதாகும், முரடும்கூட. கடற்சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழாது என்பது தவறான நம்பிக்கை. கடலில் அதற்குப் பாதுகாப்பு வேண்டும், தொட்டியில் துரத்துவாரில்லை. சாமந்திக்கோ நல்ல வெளிச்சமும் நிலைப்பட்ட முதிர்ந்த நீரும் வேண்டும். புதிய தொட்டியில் அது அழுகினால் மீனையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

கோமாளி மீனின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் டாம்செல் மீன்கள். கறுப்பு வெள்ளைப் பட்டை, நெற்றியிலும் விலாவிலும் புள்ளி, நீலம் என்று வகை வகையாக இருக்கும். மலிவாகக் கிடைக்கும், எளிதில் சாகாது. அதனால் முதலில் இவற்றை விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். முன்னால் வந்து சாவி வாங்கிய ஒண்டுக்குடித்தனக்காரர்போல, தொட்டி முழுவதும் தனக்கே பட்டா ஆனது என்று அது நினைத்துக்கொள்ளும். பிறகு வருகிற எதையும் வாழவிடாது. பிடித்து வெளியே எடுக்கலாம் என்றால் கல்லையெல்லாம் பிரிக்க வேண்டும்.

கோமாளி ஜோடி நடுநீரில் இருக்கும். அடித்தளம் காலியாக இருக்கிறதல்லவா? அங்கே ஒரு மஞ்சள் காவல் கோபி மீனை விடலாம். அதோடு வேட்டு இறால் ஒன்றையும் சேர்த்து விட்டால், இந்தப் பொழுதுபோக்கு தரக்கூடிய மிகச் சிறந்த காட்சி உங்கள் கூடத்தில் நடக்கும். இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. ஆனால் மண்வெட்டியில்லாத மண்வெட்டுக்காரன். நாள் முழுவதும் வளை தோண்டும். கோபி வளைவாசலில் நின்று காவல் காக்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் உணர்கொம்பை மீனின் மேல் வைத்துக்கொண்டே வேலை பார்க்கும். மீன் வாலை அசைத்தால் இரண்டும் வளைக்குள். அந்த இறால் கொடுக்கைச் சொடுக்கும்போது நீரில் குமிழி உண்டாகி வெடிக்கிற ஓசை அடுத்த அறைக்குக் கேட்கும். கண்ணாடி விரிசல் விட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: கற்களை மணல்மேல் வைக்காதீர்கள். கண்ணாடித் தரையில் கல்லை நிறுத்திவிட்டுப் பிறகு மணலைப் போடுங்கள். இல்லையென்றால் இறால் தோண்டத் தோண்டக் கல் சரியும்.

நான்காவதாக பாங்காய் கார்டினல் ஒன்று. இது இந்தோனேசியாவில் சுலாவெசிக்குப் பக்கத்தில் பாங்காய் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயற்கையாக வாழ்ந்தது. மீன்தொட்டிக்காகப் பிடித்துப் பிடித்தே 2007இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கும் நிலைக்கு வந்தது. ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து, பட்டினி கிடந்து, குஞ்சு பொரிக்கும். தொட்டியிலேயே இனம் பெருக்கும் மீன் இது. ஆகவே வளர்ப்பில் பிறந்ததைத்தான் வாங்க வேண்டும். கூட்டமாக விட்டால் கடைசியில் ஒரு ஜோடிதான் மிஞ்சும். ஒன்று போதும். இதற்குப் பதிலாகத் தீச்சுடர் நிறத்தில் வாலுள்ள ஃபயர்ஃபிஷ் ஒன்றையும் விடலாம். சாது. ஆனால் மிரண்டால் குதிக்கும். தொட்டிக்கு மேல் மெல்லிய வலை மூடி அவசியம்.

வேண்டாம் என்று சொல்லவேண்டியவையும் உண்டு. நீமோ படத்தின் டோரி, அந்த நீல டேங் மீன், ஒரு அடி வளரும். கடலில் நாள் முழுவதும் மைல் கணக்கில் நீந்துவது. மாண்டரின் மீன் சண்டைக்கு வராது. ஆனால் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய கோப்பிபாட் என்ற உயிரிகளைப் பொழுதெல்லாம் கொத்தித் தின்பது. 70 லிட்டரில் அவ்வளவு விளையாது. மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்னும் கிளீனர் ராஸ் மீனுக்கும் அதே கதி; நான்கு மீனின் உடம்பில் அதற்கு என்ன கிடைக்கும்? கடையில் பார்க்கும்போது இவை எல்லாம் நலமாகத்தான் தெரியும். மெலிந்து சாக சில மாதங்கள் ஆகும்.

விடுகிற வரிசையும் ஒரு கலை. சாதுவானதை முதலில் விடுங்கள்; அது தன் மறைவிடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். கோபி முதலில், கார்டினல் அடுத்து, கோமாளி ஜோடி கடைசியில். ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம். பாக்டீரியாக் கூட்டமும் புதிய சுமைக்கு ஏற்பப் பெருக வேண்டும்.

துப்புரவுப் படையில் யார் யார்?

கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்புப் பாசி படிந்த பிறகுதான் இவற்றை வாங்க வேண்டும். பாசியில்லாத தொட்டியில் நத்தையை விடுவது பட்டினி போடுவதற்குச் சமம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. நீளக் கூம்புபோல ஓடுள்ள செரித் நத்தை மணலின் மேல்பரப்பையும் கண்ணாடியையும் மேயும். டர்போ நத்தை கல்லில் வளர்ந்த தடித்த பாசியைத் தின்னும். ஆனால் கனமானது, சரியாக வைக்காத கல்லைத் தள்ளிவிடும். நசாரியஸ் நத்தை பாசியைத் தொடாது. மணலுக்குள் புதைந்து மூக்குக் குழலை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும். தீனி விழுந்த வாடை வந்ததும் நாலா பக்கமும் மணலைப் பிளந்துகொண்டு எழும். மிச்சத் தீனியைத் தின்பதும், மணலைக் கிளறிவிடுவதும் அதன் வேலை.

துறவி நண்டு எதையும் தின்னும், நத்தையையும். பசிக்காகக் கொல்வது பாதி, ஓட்டுக்காகக் கொல்வது பாதி. வளர வளர அதற்குப் பெரிய ஓடு வேண்டும். காலி ஓடு இல்லையென்றால் குடியிருக்கும் நத்தையை வெளியேற்றும். ஆகவே இரண்டு நண்டு விட்டால், பல அளவில் ஏழெட்டுக் காலி ஓடு போட்டு வைக்க வேண்டும். மாமல்லபுரத்துக் கடைகளில் வாங்கிய, வார்னிஷ் பூசிய, சாயம் ஏற்றிய ஓடுகள் ஆகாது. பூச்சில்லாத சாதாரண ஓடுகள் போதும்.

கிளீனர் இறால் ஒன்று இருக்கலாம். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோட்டோடு கல்மேல் நின்று, மீன் வந்தால் மேனியைச் சுத்தம் செய்யும். மிச்சத் தீனியையும் தின்னும். குத்துச்சண்டை இறால் என்கிற பட்டை இறாலை விடுவதானால் ஒன்றோ ஜோடியோதான். தன் இனத்தைச் சேர்ந்த அந்நியரை அது கொல்லும். எழுபது லிட்டருக்கு மேயும் நத்தை நான்கைந்து, நசாரியஸ் மூன்று, சிறிய துறவி நண்டு இரண்டு, இறால் ஒன்று. இதற்கு மேல் வாங்கச் சொல்பவர் வியாபாரம் பேசுகிறார்.

கோவளத்துப் பாறையில் ஒட்டியிருக்கும் நெரைட் நத்தையைப் பெயர்த்து வந்து விடலாமே என்பீர்கள். அது அலை வந்து போகும் எல்லையில் வாழ்வது. நீருக்குள்ளேயே இருக்கப் பிடிக்காமல் ஏறி வெளியே வரும். ஒரு வாரம் கழித்துத் தொட்டிக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும். மணலில் கிடைக்கும் நட்சத்திர மீன் மணலுக்குள் இருக்கும் சிற்றுயிர்களைத் தின்பது. இரண்டடித் தொட்டியின் மணலைச் சில வாரத்தில் காலி செய்துவிட்டுப் பட்டினியால் கரையும்.

அடுத்தது சட்டம். வெளிநாட்டுக் காணொளிகளில் கடல் அட்டையை மணல் சுத்தம் செய்பவர் என்று காட்டுவார்கள். நம் நாட்டில் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் அட்டவணையில் இருக்கின்றன. கடல்குதிரையும், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் அப்படியே. செத்துக் காய்ந்த பவளத் துண்டை அலங்காரத்துக்கு வைத்தாலும் குற்றம்தான். துப்புரவு நத்தை என்று வெளிநாட்டில் விற்கும் டிரோக்கஸ் வகையில், டிரோக்கஸ் நிலோட்டிகஸ் என்ற பெரிய இனமும் இங்கே பாதுகாக்கப்பட்டது. தொட்டிக்குப் பீங்கான் கல்லும் செயற்கைக் கல்லும் போதும். ஏற்கெனவே நன்றாக ஓடுகிற நண்பரின் தொட்டியிலிருந்து அப்படிப்பட்ட ஒரு கல்லை எடுத்து வைத்தால் பாக்டீரியா பரவிவிடும்.

இந்தப் படையை வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாதது செம்பு. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து போடுவார்கள். மீனைப் பிழைக்கவைக்கும் அதே செம்பு நத்தையையும் இறாலையும் நண்டையும் கொன்றுவிடும். கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகும் கசியவிடும். ஆகவே மருந்து எப்போதும் தனித்தொட்டியில். புதிதாக வாங்கிய மீனை ஒரு மாதம் அங்கே வைத்துப் பார்த்துவிட்டு விட்டால் இந்தத் தொல்லையே வராது. நோய் உள்ளே வந்துவிட்டால் மீன்கள் அனைத்தையும் வெளியே எடுத்து, முதன்மைத் தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் விட வேண்டும். நத்தைகள் அங்கேயே இருக்கலாம். அவற்றை அந்தக் கிருமி தாக்காது.

மின்சாரம் நின்றால்

2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். நம் புறநகருக்கு இரண்டும் நினைவிருக்கும். வர்தாவின்போது பல இடங்களில் மின்சாரம் வர நாட்கள் ஆயின. மோட்டார் நின்றால் நீரில் ஆக்சிஜன் குறையும். கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும், அதுவும் மூச்சுத் திணறும். எட்டு மீன் இருக்கிற தொட்டி ஒரே இரவில் முடியலாம். நான்கு மீனும், பேட்டரியில் ஓடும் சின்ன காற்றுக்குழாயும் இருந்தால் தப்பிக்க வாய்ப்பு அதிகம். மே மாதத்திலும் இதே நியாயம்தான். நீர் சூடாக ஆகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறிய மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம், ஆவியாவதை ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்யுங்கள். முகம் சுளித்தவர்களுக்கு நான்கின் காரணம் இப்போது தெரிந்திருக்கும். நல்ல நாளுக்கு எத்தனை மீன் தாங்கும் என்று பார்க்கக் கூடாது. மோசமான இரவுக்கு எத்தனை தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். அலுத்துப்போய்த் தொட்டியைக் கலைப்பவர்கள், புண்ணியம் என்று நினைத்து மீனை முட்டுக்காட்டிலோ கோவளத்திலோ விடாதீர்கள். இந்தோ-பசிபிக் கடலுக்குரிய சிங்கமீன் 1980களிலிருந்து ஃப்ளோரிடாவிலும் பிறகு கரீபியன் கடலிலும் பரவி, அங்குள்ள சிறு மீன்களை அழித்துக்கொண்டிருக்கிறது. மீன்தொட்டிக்காரர்கள் விட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மீனை இன்னொரு வளர்ப்பவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, கடையில் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. "இது கடலில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா?" மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை வகுத்து, அதைக் கடலோரப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் கழிமுக நீரிலேயே ஒசல்லாரிஸ் கோமாளியை வளர்த்துக் காட்டியது. லட்சத்தீவின் அகத்தியில் பெண்கள் அலங்கார இறால் வளர்க்கிறார்கள். முட்டுக்காட்டில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. ஆர்வமுள்ள இளைஞர்கள் போய் விசாரிக்கலாம். வளர்ப்பில் பிறந்த மீன் குச்சித் தீனியைத் தின்னப் பழகியிருக்கும். தொட்டியின் வாழ்க்கை அதற்குப் புதிதல்ல. அதற்காக எந்தப் பவளத்திட்டும் காலியாகவில்லை. விலை கொஞ்சம் கூடலாம். நான்கு மீன்தானே வாங்கப் போகிறோம், அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடலாம். வாங்குபவர்கள் கேட்கக் கேட்கத்தான் கடைக்காரர் பதில் வைத்திருப்பார். கடைக்காரர் தேடத் தேடத்தான் அந்தக் கடலோரத்துப் பெண்களின் தொட்டிக்குச் சந்தை வரும். அதனால் பதில் தெரியாது என்று சொல்கிற கடையிலும் கேட்டுவிட்டு வாருங்கள்.